தலைக்கு 64 காசு

ஒன்றிய அரசின் 2024-25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தேசியத் தொலை மனநலத் திட்டத்துக்கு, அதாவது 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் சேவைக்கு, ஒதுக்கப்பட்ட தொகை 90 கோடி ரூபாய். நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 140 கோடி. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 64 காசு வருகிறது. ஒரு மாதத்துக்கு அல்ல, ஆண்டு முழுமைக்கும். அதற்கு முந்தைய ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் இதே திட்டத்துக்கு 133 கோடியே 73 லட்சம் ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். 2025-26இல் அது சுமார் 80 கோடியாக மேலும் சுருங்கியது.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட இந்தச் சேவைக்கு வந்த அழைப்புகள் 2025ஆம் ஆண்டுக்குள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அழைப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ஒதுக்கீடு இறங்கிக்கொண்டே வருகிறது. மறுமுனையில் தொலைபேசியை எடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கையைத்தான் அரசு இழுத்துக்கொள்கிறது.

சாதி ஒழிப்பைப் பேசும் இடத்தில் எதற்கு மனநல உதவி எண்ணைப் பற்றிய பேச்சு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காகச் சில எண்களை முன்வைக்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் இருப்பது தமிழ்நாடு. இங்கே மட்டும் 19,834 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் கீழே உள்ளவர்கள். மாணவர்கள் 13,044 பேர். இறந்தவரின் தொழில் என்ன, படிப்பு என்ன, திருமணம் ஆனவரா, வருமானம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போடும் அந்த அறிக்கையில் ஒரே ஒரு பட்டியல் இல்லை. அது சாதி. நிலமற்ற தினக்கூலிகள் எந்தச் சமூகங்களில் நிறைந்திருக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரியாதா? படிப்புக்கும் வேலைக்கும் சாதிச் சான்றிதழ் கேட்கும் அரசு, இறப்பைக் கணக்கெடுக்கும்போது மட்டும் சாதி தெரியாததுபோல் நடந்துகொள்கிறது.

தெரிந்தே வெளியில் வந்த ஒரு கணக்கும் உண்டு. 2014 முதல் 2021 வரை ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, ஒன்றியப் பல்கலைக்கழகங்கள் முதலிய ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக ஒன்றியக் கல்வி அமைச்சர் 2021 டிசம்பரில் மக்களவையில் பதில் தந்தார். அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். இந்த மூன்றையும் கூட்டினால் 68. பாதிக்கும் மேல். எந்த வாசலைத் திறக்க நம் முன்னோர் போராடினார்களோ, அந்த வாசலுக்குள் போன பிள்ளைகளின் கணக்கு இது.

ரோகித் வெமுலாவின் உதவித்தொகையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 சனவரி 17 அன்று அவரை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1 அன்று நீட் கொண்டுபோனது. பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்து மகப்பேறு மருத்துவம் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பாயல் தட்வியை 2019 மே மாதம் மும்பையில் இழந்தோம். இவற்றை நாம் நிறுவனப் படுகொலைகள் என்கிறோம். அந்தப் பெயரில் எந்தச் சமரசமும் செய்ய வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நம் இயக்கத்துக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு வருகிறது. "கொலைகாரன் வெளியே நிற்கும்போது பாதிக்கப்பட்டவனுக்கு எதற்கு ஆலோசனை? அனிதாவுக்குத் தேவைப்பட்டது மருத்துவ இடம், மனநல ஆலோசனை அல்ல. உதவி எண் என்பது அரசு தன் குற்றத்தைத் தனிமனிதனின் மனக்கோளாறாக மாற்றிக் காட்டும் கண்துடைப்பு." இந்த வாதத்தில் இருக்கும் கோபம் நியாயமானது, அது எனக்கும் உண்டு. நீட்டை வைத்துக்கொண்டு, உதவித்தொகையை நிறுத்திக்கொண்டு, "மனம் தளராதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டும் அரசின் பாசாங்கைத் தோலுரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நீட் ஒழியும்வரை, சாதி ஒழியும்வரை, இன்றிரவு இரண்டு மணிக்கு விடுதி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்வது? மலக்குழிக்குள் மனிதன் இறங்கும் இழிவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றுதான் போராடுகிறோம். அதே மூச்சில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடும் கேட்கிறோம். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியபோது, "இழப்பீடு கொடுப்பது கண்துடைப்பு, வேண்டாம்" என்று நாம் சொல்லவில்லை. காரணத்தை ஒழிப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு வேலைகள். நெருக்கடியின் உச்சம் பல நேரங்களில் சில மணி நேரமே நீடிக்கும் என்பதும், அந்த நேரத்தில் காது கொடுக்க ஒருவர் இருந்தால் பலரால் அதைக் கடந்துவிட முடியும் என்பதும் இத்துறையில் உழைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. நமக்குப் போராளிகள் உயிரோடு வேண்டும். நினைவுநாள்கள் போதும்.

இதைக் கருணையாகக் கேட்கவும் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலப் பராமரிப்பு பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அந்தச் சேவையில் எவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது பாலினம், மதம், வர்க்கம் ஆகியவற்றோடு சாதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தற்கொலையைத் தடுக்கும் திட்டங்களை வகுப்பது அரசின் கடமை என்கிறது 29ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் பொறுப்பு என்கிறது 115ஆம் பிரிவு. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதை நடத்துவதற்கான பணம்தான் 64 காசு.

மனநலத்துக்கு ஒன்றிய சுகாதாரத்துறை ஒதுக்கும் தொகை போகும் இடத்தையும் பாருங்கள். 2024-25இல் ஏறத்தாழ ஆயிரம் கோடி. அதில் 850 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. நிம்ஹான்ஸுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டெலி மானஸின் மைய வேலைகளைச் செய்வதும் அந்த நிறுவனம்தான். ஆனால் பெங்களூருக்கு வண்டிச் சத்தம் கொடுக்க முடியாத கூலித் தொழிலாளிக்கும், விடுதி மாணவிக்கும், சாதாரண பட்டன் போனிலிருந்து காசில்லாமல் எட்டக்கூடிய ஒரே சேவை அந்த ஐந்து இலக்க எண்தான். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் சேவைக்கு மிகக் குறைந்த காசு.

பணம் எவ்வளவு என்பதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அந்தப் பணத்தில் மறுமுனையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன் நான். இன்றைக்கும் வட மாவட்டம் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு விடுதிப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பாடம் எடுக்கிறேன். அங்கே படித்து, பொறியியல் கல்லூரிக்குப் போன ஒரு தம்பி விடுமுறைக்கு வந்தபோது சொன்னது இது. கல்லூரியில் முதல் வாரமே "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் அவனோடு சேர யாரும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். ஒருநாள் இரவு தாங்க முடியாமல் ஓர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

"நல்லாத்தாண்ணே பேசுனாங்க. வீட்ல பிரச்சினையா, லவ் மேட்டரான்னு கேட்டாங்க. இல்லங்க, சாதி சொல்லி ஒதுக்குறாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், இப்பல்லாம் யாரு தம்பி சாதி பாக்குறாங்க, நீங்களா நெனச்சுக்காதீங்க, படிப்புல கவனம் வையுங்கன்னாங்க. சரிங்கன்னு சொல்லி வச்சுட்டேன்."

அந்த ஆலோசகரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில் விழித்திருந்து பொறுமையாகத்தான் பேசியிருக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்விப் பட்டியலில் குடும்பம் இருந்தது, காதல் இருந்தது, தேர்வு இருந்தது, சாதி இல்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையிலும் அது எதிர்ப்பட்டிருக்காது. ஆனால் "நீயாக நினைத்துக்கொள்ளாதே" என்ற ஒரு சொல், பகலெல்லாம் அந்தக் கல்லூரி அவனிடம் சொன்னதையே இரவிலும் திருப்பிச் சொல்லிவிட்டது. நல்லவேளையாக அவனுக்கு விடுதி நண்பர்கள் இருந்தார்கள். இன்று மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எல்லோருக்கும் அந்த நல்லவேளை வாய்ப்பதில்லை.

இது ஒரு ஆலோசகரின் தனிப்பட்ட குறை என்று கடந்துபோனால் சிக்கலின் வேரைத் தொட மாட்டோம். இந்தியாவில் உதவி எண்கள் பெரும்பாலும் தொண்டர்களால் வளர்ந்தவை. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு, அரசு எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில் இந்தப் பணியைச் செய்யத் தொடங்கியது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதியில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஊதியமின்றி உழைக்க யாரால் முடியும்? வாடகைக்கும் அரிசிக்கும் கவலைப்பட வேண்டாதவர்களால் முடியும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளால் முடியாது. சேவை தொண்டாகவே இருக்கும்வரை காது கொடுப்பவர்கள் ஒரு பக்கத்திலிருந்தும், கண்ணீர் விடுபவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும்தான் வருவார்கள்.

அரசுப் பணம் இதை மாற்ற முடியும். சம்பளம் உள்ள நிரந்தரப் பணியிடம் என்றால் இடஒதுக்கீடு வரும். இடஒதுக்கீடு வந்தால் சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் படித்து வந்த பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். அதனால்தான் பல மாநிலங்களில் டெலி மானஸ் ஆலோசகர்களைத் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஒப்பந்த அடிப்படையில் எடுப்பதை நாம் சாதாரண நிர்வாக ஏற்பாடாகப் பார்க்கக் கூடாது. ஒப்பந்தமும் வெளிமுகமையும் நுழைந்த இடங்களில் எல்லாம் இடஒதுக்கீடு பின்வாசல் வழியாக வெளியேறியிருக்கிறது. துப்புரவுப் பணியில் பார்த்தோம், போக்குவரத்தில் பார்த்தோம். இங்கேயும் பார்க்கக் காத்திருக்க வேண்டாம்.

ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனி ஏற்பாடு கேட்பது பிரிவினை என்பார்கள். உலகம் அப்படி நினைக்கவில்லை. ஆத்திரேலியாவில் 2022 மார்ச்சில் 13யார்ன் என்ற நெருக்கடி உதவி எண் தொடங்கப்பட்டது. அந்நாட்டுத் தொல்குடி மக்களுக்காகத் தொல்குடி மக்களே பேசும் எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது. நிதி தருவது ஒன்றிய அரசு. இனவெறி என்றால் என்ன என்று அழைப்பவர் முதலில் பாடம் நடத்த வேண்டிய தேவை அங்கே இல்லை.

அமெரிக்காவின் அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. அங்கே 2022 சூலையில் 988 என்ற மூன்று இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. அதில் 3ஐ அழுத்தினால் பால்புதுமை இளைஞர்களுக்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கிடைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகளைக் கையாண்ட அந்தப் பிரிவை 2025 சூலை 17 அன்று டிரம்ப் அரசு மூடிவிட்டது. பொது எண் இருக்கிறது, தனிப் பிரிவு மட்டும் போய்விட்டது. "எல்லோருக்கும் ஒரே சேவை" என்ற இனிப்பான சொல்லை வைத்துக்கொண்டு, அதிகம் தேவைப்படுபவரின் கதவை முதலில் சாத்த முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அரசியல் அழுத்தம் இல்லாத இடத்தில் எந்த ஒதுக்கீடும் நிலைக்காது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே 104 மருத்துவ உதவி எண் ஒன்றியத் திட்டத்துக்கு முன்பிருந்தே இயங்குகிறது. 2022இல் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 14416 சேவையும் சேர்ந்தது. நீட் எழுதிய மாணவர்களை 104 மையத்திலிருந்தே அழைத்துப் பேசும் ஏற்பாட்டையும் தமிழ்நாடு அரசு செய்தது. பிள்ளைகள் கூப்பிடட்டும் என்று காத்திராமல் தானே கூப்பிட்டது நல்ல நடைமுறை. அதைத் தேர்வுக் காலத்தோடு நிறுத்திக்கொள்வானேன்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் தங்கி முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் பருவத்தில் ஒருமுறை அழைத்து, "அங்கே எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்க அரசுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

நாங்குநேரிக் கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையில் பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் அபேதா தட்வியும் உயர்கல்வி நிறுவனங்களின் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக 2019இலேயே உச்சநீதிமன்றம் சென்றார்கள். உயர்கல்வி மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய நீதியரசர் ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அமைத்தது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. எழுதிய காகிதத்துக்கு எதிரே பணத்தை வைக்கும் கைக்குத்தான் பஞ்சம்.

இனி நம் கோரிக்கைகள். முதலாவது, டெலி மானஸ் ஒதுக்கீட்டைக் குறைந்தது 2023-24இல் அறிவித்த அளவுக்கு உடனே மீட்டு, ஆண்டுதோறும் அழைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். ஆலோசகர் பணியிடங்களை நிரந்தரமாக்கி, இடஒதுக்கீட்டின்படி நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஆலோசகரின் பயிற்சியிலும் சாதி ஒரு பாடமாக இருக்க வேண்டும். சாதி இழிவை அனுபவித்தவர் அதைச் சொல்லும்போது "நீயாக நினைக்கிறாய்" என்று சொல்லக் கூடாது என்பது அதன் முதல் பக்கம். தொலைபேசியை எடுத்ததும் ஓர் இலக்கத்தை அழுத்தினால் இதற்கென்றே பயிற்சி பெற்ற, ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த ஆலோசகர் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மனநலத்துக்கு ஓர் எண், வன்கொடுமைக்கு ஓர் எண், இரண்டும் இரண்டு அமைச்சகங்களில். அடிபட்டவருக்கு மனக்காயமும் வழக்கும் தனித்தனியாக வருவதில்லை. அழைப்பவர் விரும்பினால் ஓர் எண்ணிலிருந்து மற்றொன்றுக்கு அந்த அழைப்பிலேயே மாற்றித்தரும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட வேண்டும். அழைப்பவர் விரும்பினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நள்ளிரவில் சேரிக்குள் காவல்துறை வண்டி வந்து நிற்பது எல்லா வீட்டுக்கும் ஆறுதல் அல்ல. நேரில் செல்ல வேண்டிய நெருக்கடியில் முதலில் போக வேண்டியது மருத்துவக் குழு.

நான்காவது, பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் நாம் ஏமாறக் கூடாது. தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்துவிட்டது. எல்லோருக்குமான பொதுத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கைத் துணைத் திட்டக் கணக்கில் எழுதிவிட்டு நம்மிடமே கணக்குக் காட்டும் பழைய தந்திரத்தை உதவி எண்ணிலும் செய்துவிடக் கூடாது. பொது எண்ணுக்குப் பொது சுகாதார நிதி. துணைத் திட்ட நிதி, விடுதிகளில் முழுநேர ஆலோசகர், ஒடுக்கப்பட்ட சமூக இளைஞர்களுக்கு உளவியல் மேற்படிப்பு உதவித்தொகை போன்ற நேரடிச் செலவுகளுக்கு மட்டும்.

ஐந்தாவது, தற்கொலை அறிக்கையில் சாதிவாரிக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். எண்ணப்படாதவர்களுக்கு எந்த நிதிநிலை அறிக்கையும் காசு ஒதுக்காது.

இவை எதுவும் நீட்டை ஒழிக்கும் போராட்டத்துக்கோ, கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் கேட்கும் போராட்டத்துக்கோ மாற்று அல்ல. அந்தப் போராட்டங்களை நடத்த வேண்டிய பிள்ளைகளைக் காப்பாற்றி வைக்கும் வேலை. சட்டமன்றத்தில் அடுத்த மானியக் கோரிக்கை வரும்போது உங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் மாவட்டத்து விடுதிப் பிள்ளை இன்றிரவு அழைத்தால் எடுப்பது யார், அவருக்குச் சம்பளம் தருவது யார்?

அதுவரை, இருக்கும் எண்களை விடுதிச் சுவர்களில் எழுதி வைப்போம். மனம் கனக்கும் எந்த நேரத்திலும் 14416, 104, சினேகா 044-24640050 ஆகிய எண்களை அழைக்கலாம். சாதியைச் சொல்லத் தயங்க வேண்டாம். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. அப்போது தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்துவிடாமல், பக்கத்தில் இருக்கும் தோழரின் கதவைத் தட்டுங்கள், அல்லது இன்னோர் எண்ணை அழையுங்கள்.